துரை பங்களாவின் பொருளாதாரம்

மலைநாட்டுத் தமிழிலே 'துரை' என்னும் சொல்லுக்குள்ள ஆயுள் வியப்புக்குரியது. அச்சொல்லாற் குறிக்கப்பட்ட வெள்ளையர் கப்பலேறிப் போய்விட்டனர். அவர்களை அனுப்பிய இலண்டன் கம்பனிகளின் தேயிலை மலைகளை 1975ஆம் ஆண்டிலே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அரசாங்கக் கூட்டுத்தாபனங்களும் 1992இல் நிருவாகத்தைத் தனியார் கைக்குக் கொடுத்தன. கணக்குப் புத்தகத்தின் தலைப்பு இத்தனை முறை மாறிய பின்பும் சொல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தோட்ட அத்தியட்சகர் இன்றும் 'பெரிய துரை'. அவருக்கு உதவியாய் வரும் இளைஞர் 'சின்னத் துரை'. ஆங்கிலம் பேசும் தோட்ட வட்டாரங்களில் 'பி.டி.' என்றும் 'எஸ்.டி.' என்றும் இவர்களைச் சுருக்கி வழங்குவர். அவை பெரிய துரை, சின்னத் துரை என்னும் தமிழ்ச் சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளேயாம். ஆங்கிலேயன் தான் வகித்த பதவிக்குத் தன் தொழிலாளியின் மொழியிலே பெயரிட்டுக்கொண்டான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதனைத் தமிழுக்குக் கிடைத்த பெருமையாகக் கொள்வாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியிலே, புதிதாக வரும் சின்னத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று பெர்குசன் என்பார் கொழும்பிலே ஒரு கைந்நூல் வெளியிட்டார். அதன் பெயர் 'இங்கே வா'. பின்னர் 1915இலே வெல்ஸ் என்பார் ஆக்கிய நூலுக்கோ 'கூலித் தமிழ்' என்பதே தலைப்பு. சங்கமும் காப்பியமும் கண்ட மொழியிலே அந்தத் துரைக்குத் தேவைப்பட்டது ஏவல் வினை மாத்திரமே. வா, போ, வெட்டு, நிறு, பேரை வெட்டு என்னும் அளவிலே அவனது இலக்கணம் முடிந்துவிட்டது.

துரையைப் பற்றி நம் எழுத்தாளர் நிரம்ப எழுதியிருக்கின்றனர். சிறுகதையிலும் நாவலிலும் அவர் பெரும்பாலும் கொடியவராக வருவார். சிற்சில இடங்களில் இரக்கமுள்ளவராக வருவார். ஆனால் அவர் குடியிருந்த பங்களாவுக்கு யார் பணம் கொடுத்தார், எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தார், அந்தக் கணக்கு மாறியபொழுது பங்களா என்ன ஆயிற்று என்னும் கேள்விகளை நம் இலக்கியம் கேட்கவில்லை. குணத்தை ஆராய்ந்தோம், வரவு செலவைப் பார்க்கவில்லை. இலக்கியப் பக்கத்திலே வரவு செலவுக்கு என்ன வேலை என்று வாசகர் முகஞ்சுளிக்கக் கூடும். ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்று எழுதுபவன், அந்த வாழ்வு எதிலே ஊன்றி நின்றது என்று அறியாமல் எழுதினால் பாத்திரம் பொம்மையாகவே நிற்கும் என்பதே என் விடை.

பங்களா எவ்வாறு எழுந்தது என்பதை முதலிற் பார்ப்போம்.

கோப்பிக் காலத்துத் தோட்டக்காரரிற் பலர் தம் சொந்தப் பணத்தையோ கடன் பணத்தையோ போட்டுக் காட்டை வெட்டியவர்கள். அவர்களது குடில்களிலே ஆடம்பரம் குறைவு. 1869இலே கோப்பி இலையில் நோய் கண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரும் அதனை நம்பிய முதலாளிகளும் அழிந்தனர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1867இலே, லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலையே அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை கோப்பியைப் போன்றதன்று. பறித்த கொழுந்தை அன்றே வாட்டத் தொடங்கவேண்டும். உருட்டவும் புளிக்கவைக்கவும் காயவைக்கவும் யந்திரங்கள் வேண்டும். ஆகவே மலைக்கு அருகிலேயே தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்குப் பெருமுதல் வேண்டும். பெருமுதல் தனி மனிதனிடம் இல்லை. இலண்டனிலே பங்கு விற்ற கம்பனியிடம் இருந்தது. தோட்டச் சொந்தக்காரன் மறைந்து சம்பளத் துரை தோன்றிய வரலாறு சுருக்கமாக இவ்வளவே. யந்திரம் கம்பனியைக் கொண்டுவந்தது. கம்பனி துரையைக் கொண்டுவந்தது.

இலண்டனிலிருந்த பங்குதாரருக்கும் ஹட்டனுக்கு மேலேயுள்ள மலைக்கும் நடுவிலே கொழும்புக் கோட்டையில் 'ஏஜென்சி ஹவுஸ்' எனப்பட்ட முகவர் நிறுவனங்கள் இருந்தன. அவற்றுட் பழமையான ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனி 1835இலே தொடங்கியது. தோட்டத்துக்குப் பணம் அனுப்புவதும், உரமும் அரிசியும் வாங்கிக் கொடுப்பதும், தேயிலையை விற்பதும், துரையை நியமிப்பதும் விலக்குவதும் இந்நிறுவனங்களே. ஒவ்வொன்றுக்கும் தரகு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ 'விசிட்டிங் ஏஜண்ட்' எனப்படும் மூத்த தோட்டக்காரர் ஒருவர் வந்து மலையைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கைக்குப் பெரிய துரை நடுங்கியதை நம் கதைகள் காட்டியதில்லை. லயத்திலிருந்து பார்த்தவருக்குத் துரை உச்சியில் இருந்தார். கோட்டையிலிருந்து பார்த்தவருக்கு அவர் ஏணியின் நடுப்படியில் நின்ற ஒரு சம்பளக்காரர். இரண்டும் உண்மை.

இந்த நடுப்படி மனிதனுக்கு ஏன் அத்துணை பெரிய பங்களா? அப்பு, சமையற்காரன், பூந்தோட்டக்காரன், மாட்டுக்காரன், காவற்காரன் என்று ஒரு பட்டாளமே அவனுக்காக ஏன் நின்றது? கம்பனிக்கு அது வீண்செலவாகத் தோன்றவில்லை. பல நூறு தொழிலாளரை, பொலிஸ் நிலையம் எத்தனையோ மைல் தொலைவிலிருக்கும் இடத்திலே, ஒரே மனிதன் ஆளவேண்டியிருந்தது. ஆளுதற்குத் துப்பாக்கியைவிடத் தூரம் மலிவானது. ஆகவே பங்களா மேட்டிலே கட்டப்பட்டது. தொழிற்சாலையும் லயங்களும் அதன் கண்ணுக்குக் கீழே அமைந்தன. பங்களா வேலைக்காரரின் பேரும் தோட்டச் செக்றோலிலேயே விழுந்தது. அவர்களுடைய சம்பளம் துரையின் சட்டைப் பையிலிருந்து போகவில்லை. தேயிலையின் உற்பத்திச் செலவிலே சேர்ந்தது. பெரட்டுக் களத்திலே விடியற்காலம் பேர் போடும்பொழுது, மலைக்குப் போகிறவளின் பேரும் துரைசாணியின் ரோசாச் செடிக்கு நீரூற்றப் போகிறவனின் பேரும் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டன. கணக்கியலிலே இதற்கு என்ன பெயரோ, ஆட்சியியலிலே இதற்குப் பெயர் சமஸ்தானம்.

பங்களாவுக்குத் துணையாகக் கிளப்பு. நுவரெலியாவிலே ஹில் கிளப் 1876இல் தோன்றியது. டிக்கோயாப் பக்கத்திலே டரவளைக் கிளப், திம்புளைப் பக்கத்திலே றதல்லைக் கிளப் என்று பள்ளத்தாக்குக்கு ஒன்றாக எழுந்தன. தனிமையிற் கிடந்த துரைமாரைப் பைத்தியம் பிடியாமற் காத்தவை இவை என்று சொல்வது மிகையன்று. அத்துடன், ஒரு தோட்டத்துச் சம்பளமும் ஒழுங்கும் அயற்தோட்டத்திலிருந்து வேறுபடாதபடி பார்த்துக்கொண்டவையும் இவையே. வேலை தேடி வந்த ஆங்கில இளைஞனிடம் முகவர் நிறுவனம் முதலிலே விசாரித்தது அவன் எந்தப் பள்ளியிற் படித்தான், என்ன விளையாடினான் என்பதையே. பயிரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அது கங்காணிக்குத் தெரியும்.

இங்கே நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலே 'ஸ்டாப்' எனப்பட்ட உத்தியோகத்தர் குடியிருப்பு இருந்தது. பெரிய கிளாக்கர், டீமேக்கர், தோட்டத்து டிஸ்பென்சர் என்று அங்கே வாழ்ந்தோரிற் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்றுப் போனவர்கள். அவர்களது மணியோடரினாலே வடக்கிற் பல கல்வீடுகள் எழுந்தன. துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தொழிலாளிக்கும், தொழிலாளியின் முறைப்பாட்டைச் சுருக்கித் துரைக்கும் சொன்னவர்கள் இவர்கள். சுருக்கியபொழுது எவ்வளவு உதிர்ந்துபோயிற்று என்பதை அந்தக் கிளாக்கர்மாரின் குறிப்பேடுகள் எங்கேனும் இருந்தால் அறியலாம். மலையகத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று அவாவும் வடபகுதி எழுத்தாளர் லயத்துக் காம்பிராவைப் பற்றி எழுதுவதற்கு முன், தம் பாட்டனார் குடியிருந்த கிளாக்கர் குவாட்டர்ஸைப் பற்றி எழுதலாம். அது அவருக்குத் தெரிந்த இடம். மடக்கும்புரைத் தோட்டத்திலே கங்காணி குடும்பத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே எழுதினார். 1947இலே தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்குப் போனபோதும் அந்த இடத்தை அவர் விட்டுவிடவில்லை.

சுதந்திரத்தின் பின் பங்களாவின் நிறம் மெல்ல மாறியது. வெள்ளையர் ஒவ்வொருவராக விலக, கண்டியிலும் கொழும்பிலும் பெயர்பெற்ற கல்லூரிகளிற் படித்த இலங்கை இளைஞர் சின்னத் துரைமாராக வந்தனர். அவர்களும் அரைக்காற் சட்டையும் நீளக் காலுறையும் அணிந்தனர். அவர்களும் மாலையிலே கிளப்புக்குப் போயினர். உள்ளூரான் வந்தால் உறவு மாறும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். ஆசனத்தின் உயரம் குறையாதிருக்க, அதில் அமர்பவன் மாறியதனால் மட்டும் என்ன நேர்ந்துவிடும்?

இதே காலத்திலே, வெளியே தெரியாமல், பொருளாதாரத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டிருந்தது. தேயிலை அரசாங்கத்தின் கறவைப் பசுவாயிற்று. ஏற்றுமதித் தீர்வை ஒரு பக்கம். 1968இலே அந்நியச் செலாவணி உரிமைப் பத்திர முறை வந்தபொழுது ஏனைய ஏற்றுமதிகளுக்குக் கிடைத்த மேலதிகத் தொகை தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுக்கும் மறுக்கப்பட்டது இன்னொரு பக்கம். என்றைக்காவது தோட்டம் பறிபோகும் என்று அஞ்சிய கம்பனிகள் மீள்நடுகையைக் கைவிட்டு, இருந்த செடியிலே இயன்றதைக் கறந்தன. பசுவுக்குத் தீனி போட ஒருவருமில்லை. செம்பு ஏந்தி நின்றவர் இருவர்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராக வரையறுத்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், ஜனவசம எனப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை ஆகியவற்றிடம் அவற்றிற் பெரும்பாலானவை சேர்ந்தன. அன்று இதனை வரவேற்றவருள் இடதுசாரி எழுத்தாளர் பலர் இருந்தனர். ஏகாதிபத்தியத்தின் கடைசிக் கோட்டை வீழ்ந்தது என்று மேடைகளிலே முழங்கினர். வீழ்ந்தது கோட்டையிலிருந்த முகவர் நிறுவனங்களின் பிடிதான். மேட்டிலிருந்த கோட்டைக்கு ஒன்றும் நேரவில்லை.

அரசுடைமை தோட்டத் தொழிலாளிக்குக் கொண்டுவந்தது என்ன? கணக்கை நேர்மையாகப் பார்த்தால் இரு பத்தியிலும் எழுதவேண்டியிருக்கிறது. எழுபதுகளிலே தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. 1984இலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. இதற்குத் தொழிற்சங்கப் போராட்டமும் காரணம் என்பதை மறக்கலாகாது. மறுபத்தியிலோ 1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினி இருக்கிறது. காணிப் பகிர்வு என்ற பெயரால் லயங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இருக்கின்றனர். நுவரெலியா மாவட்டத்திலே 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க முற்பட்டபொழுது எழுந்த எதிர்ப்பிலே, 1977 மே மாதம் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். நிலம் அரசாங்கத்துக்கு வந்தால் அது பொதுமக்களுக்கு வந்ததாகும் என்னும் சூத்திரத்திலே, பொதுமக்கள் என்பவர் யார் என்ற வினா விடுபட்டிருந்தது. 1948இலே குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு கூட்டத்தாருக்கு அந்தச் சூத்திரத்தினால் வரக்கூடியது அதிகமில்லை.

துரையின் நிலையும் விசித்திரமாயிற்று. இலாபத்திலே பங்கு பெற்ற பழைய துரை போய், மாதச் சம்பளம் வாங்கும் அரசாங்க உத்தியோகத்தர் வந்தார். முன்பு விசிட்டிங் ஏஜண்டுக்கு அஞ்சியவர் இப்பொழுது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்துக்கு அஞ்சினார். அக்கடிதத்தோடு வருபவருக்கு வேலை கொடுக்கவேண்டும். தோட்டத்துக்குத் தேவையா என்று கேட்கலாகாது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே லயங்கள் எரிந்தபொழுது தம் தொழிலாளரைத் தொழிற்சாலைக்குள் வைத்துக் காத்த துரைமாரும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டவரும் உண்டு. நட்டம் ஆண்டுதோறும் பெருகியது. ஆனால் பங்களாவிலே அப்பு இருந்தான், பூந்தோட்டம் இருந்தது, வேலைக்காரரின் பேர் செக்றோலில் விழுந்தது. முதலாளித்துவம் தனக்குப் பயன்படுமென்று கட்டிய ஆடம்பரத்தை, அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேளாமலே சோஷலிசம் சுவீகரித்துக்கொண்டது. என் கருத்திலே அரசுடைமைக் காலத்தின் பெருந்தவறு நட்டமன்று. உலகச் சந்தையும் வரியும் நட்டத்துக்கு ஓரளவு பொறுப்பு. பதினேழு ஆண்டுக் காலம் நிலமும் அதிகாரமும் கையிலிருந்தும், மேட்டுக்கும் பள்ளத்துக்குமிடையே ஒரு படியேனும் வெட்டாமற் போனதே பெருந்தவறு.

1992இலே தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டன. பின்னர் 23 ஆயின. முதலிலே ஐந்தாண்டு நிருவாக ஒப்பந்தம் மாத்திரம் தனியாருக்குக் கிடைத்தது. 1995 முதல் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகளே விற்கப்பட்டன. நிலம் மட்டும் அரசாங்கத்தினுடையதாகவே இருக்க, 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1992இலிருந்து எண்ணினால் அக்குத்தகை 2045இலே முடியும்.

இந்த 2045 என்னும் எண்ணை ஆசிரியர்கள் கரும்பலகையிலே எழுதிவைக்கவேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிது நாட்டுவதென்றால், முதலிலே மண்ணைத் தேற்றுவதற்குக் கௌதமாலாப் புல் அல்லது மானாப் புல் வளர்த்து ஒன்றரை இரண்டு ஆண்டு விடவேண்டும். நாட்டிய கன்று ஒழுங்காகக் கொழுந்து தருவதற்கு மேலும் மூன்று நான்கு ஆண்டு செல்லும். போட்ட முதல் திரும்புவதற்கு இன்னும் நெடுங்காலம் வேண்டும். குத்தகை முடியும் ஆண்டு நெருங்க நெருங்க, எந்தக் கம்பனி இந்தச் செலவைச் செய்யும்? கம்பனிகளைத் திட்டி ஆவதில்லை. அப்படி எழுதப்பட்ட குத்தகையின் கீழ் வேறெவரும் இப்படித்தான் நடப்பர். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல கன்றினங்களை ஆக்கி வைத்திருக்கிறது; அவற்றை நாட்டுவதற்குரிய காலம் குத்தகைப் பத்திரத்திலே இல்லை. 2013இல் 340 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனுக்கு இறங்கியது. இதற்கு 2021இலே வந்த இரசாயன உரத் தடை ஒரு காரணம். கிழட்டுச் செடி இன்னொரு காரணம்.

இன்றைய துரையை நம் எழுத்தாளர் அறியார். அவர் பிரம்பெடுத்துக் குதிரையேறி வருபவரல்லர். அன்றன்று எத்தனை கிலோக் கொழுந்து வந்தது என்று மாலையிலே தொலைபேசி வழியாகக் கொழும்புக்குச் சொல்லவேண்டியவர். ஏலத்திலே தம் தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று, அயற்தோட்டத்தது என்ன விலைக்குப் போயிற்று என்று வாரந்தோறும் நெஞ்சிடிக்கப் பார்ப்பவர். 1883இலே தொடங்கிய அந்தக் கொழும்பு ஏலமே அவருடைய விசிட்டிங் ஏஜண்ட். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி கண்டியிலோ கொழும்பிலோ தங்கிவிட, பத்து அறையுள்ள பங்களாவில் இரண்டு அறையைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே இருப்பவர் பலர். ஆபிரிக்காவில் வேலை கிடைத்தால் போய்விடுகின்றனர். ஒரு நாவலாசிரியன் காத்துக் கிடக்கவேண்டிய பாத்திரம் இது. பழைய ஆட்சியின் வீட்டிலே குடியிருந்துகொண்டு புதிய வியாபாரத்தின் கணக்குக்குப் பதில் சொல்கிற மனிதன்!

பங்களாக்களோ வேறொரு வருவாய்க்கு வழியாகிவிட்டன. கந்தப்பொளையிலே மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இலே ஹோட்டலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழவுள்ள துரை பங்களாக்கள் 2005 முதல் வெளிநாட்டாருக்குரிய உல்லாச விடுதிகளாயின. பழைய துரையின் வாழ்வை இரண்டு இரவுக்கு வாடகைக்கு விற்கிறார்கள்: வெள்ளி டீப்பொட், நெருப்பங்கணப்பு, தொப்பியணிந்த பரிசாரகன். கொழுந்தைவிடக் கொழுந்து பறிப்பதைப் பார்க்கும் காட்சிக்கு விலை அதிகம் என்றாகிவிட்டது. இதனாற் சில தோட்டத்து இளைஞருக்கு வேலை கிடைக்கிறது. ஆகவே நான் இதனை முற்றாகப் பழிக்கமாட்டேன். ஆயினும் லயத்தின் தகரக் கூரையிலே மழைநீர் ஒழுக, அதற்கு மேலேயுள்ள மேட்டிலே 'பழங்காலச் சூழல்' விலைப்படும்பொழுது, கீழேயுள்ள பழங்காலச் சூழலுக்கு எவரும் கட்டணம் கொடுப்பதில்லை என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை.

இனி, கூலிக்கு வருவோம். 2019இலே கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021 மார்ச்சிலே சம்பளச் சபை மூலம் அரசாங்கம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவித்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. 2024 செப்டெம்பரிலே 1,350 ரூபா என்று தீர்மானமாயிற்று. ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளிலே நடக்கும் விவாதத்தை வாசகர் அறிவர். தொழிற்சங்கத் தலைவர் துரைமாரின் வாகனத்தையும் பங்களாவையும் காட்டி, இதற்குப் பணம் உண்டு, எமக்கு இல்லையா என்பார். கம்பனி, கொழுந்தின் நிறையைக் காட்டி உற்பத்தித்திறன் குறைவு என்னும். சங்கத் தலைவரின் கணக்கை நான் முழுதும் ஏற்கவில்லை. ஒரு தோட்டத்துத் துரைமாரின் செலவையெல்லாம் வெட்டிப் பகிர்ந்தாலும் ஒவ்வொருவர் கையிலும் விழுவது சொற்பமே. கம்பனியின் கணக்கையும் ஏற்கவில்லை. நரைத்த செடியிலிருந்து பறிப்பவளைத் திறனற்றவள் என்பது, வற்றிய கிணற்றிலே அள்ளுபவளைச் சோம்பேறி என்பதை ஒக்கும்.

இருவரும் பார்க்காத ஒரு கணக்கு தெற்கிலே இருக்கிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிலே ஓர் ஏக்கர், அரை ஏக்கர் என்று தேயிலை நாட்டிய சிறு உடைமையாளரே இன்று நாட்டின் தேயிலையில் நான்கில் மூன்று பங்கை ஒட்டித் தருகின்றனர். அவர்களுக்குத் துரையும் இல்லை, பங்களாவும் இல்லை, பெரட்டும் இல்லை. கொழுந்தைத் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுக்கின்றனர். தேயிலை விற்ற விலையிலே 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது அவர்களுக்கு அரசாங்கம் வகுத்த சூத்திரம். ஏலத்திலே விலை ஏறினால் அவர்களது வருமானமும் ஏறும். மலைநாட்டுத் தோட்டத்திலே பறிப்பவளுக்கு அத்தகைய சூத்திரம் எதுவும் இல்லை. ஏலத்துக்கும் அவளுக்கும் இடையிலே கம்பனி, முகாமையாளர், சங்கம், அமைச்சு, சம்பளச் சபை என்று ஐந்து மதில்கள். அவள் வாழும் காம்பிரா அவளுடையதன்று; 7 பேர்ச் காணிக்கு உறுதி வேண்டி நிற்பதே அவளது நெடுங்கதை.

சில கம்பனிகள் மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை நிறுத்து வாங்கும் முறையைப் புகுத்தி வருகின்றன. சங்கங்கள் ஐயுறுகின்றன. அந்த ஐயம் நியாயமானது. நாட்கூலியும் சேமலாப நிதியும் போய், காணியும் சொந்தமாகாமல், உரத்தின் கடனும் மழையின் நட்டமும் மாத்திரம் தொழிலாளியின் தலையிலே விழக்கூடும். ஆயினும் அந்த முறையை எடுத்த எடுப்பில் ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடன்று. 68க்கு 32 என்னும் சூத்திரம் தோட்டத்துக்கும் எழுதப்படுமாயின், பராமரிப்பவர் பெயரில் எழுத்து மூலமான நீண்ட கால உரிமை கொடுக்கப்படுமாயின், அது பேசிப் பார்க்கத்தக்க பேரம். 2045க்கு முன் அரசாங்கம் எப்படியும் புதிய குத்தகை பேசியே ஆகவேண்டும். பேசும் மேசையிலே கம்பனி இருக்கும், திறைசேரி இருக்கும். மலையிலே வேலை செய்பவர் இருப்பாரா என்பதை இப்பொழுதே கேட்டு வைக்கவேண்டும்.

மேசையிலே இருப்பதற்குக் கணக்குத் தெரியவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் போகின்றனர். ஆசிரியராகின்றனர், கிராம உத்தியோகத்தராகின்றனர். ஆனால் பெருந்தோட்ட முகாமைத்துவத்தைக் கற்றுச் சின்னத் துரையாக வருபவர் மிகச் சிலரே. 'அந்த வேலை நமக்கு வேண்டாம்' என்று தாய்மார் சொல்வது எனக்கு விளங்குகிறது. பங்களாவை நிமிர்ந்து பார்த்து அஞ்சி வளர்ந்த கண்ணுக்கு அது தன் பிள்ளை போக வேண்டிய இடமாகத் தோன்றாது. கொழும்பிலே கடையில் நிற்பது அதனினும் மேல் என்று எண்ணுகின்றனர். கம்பனிகளும் இன்றுவரை ஆங்கில உச்சரிப்பையும் கல்லூரிப் பெயரையும் பார்த்தே ஆளெடுப்பதாக இளைஞர் குறைசொல்கின்றனர். தேயிலையை நாட்டியவனின் பேரனுக்கு அதன் வரவு செலவு விளங்காது என்று கருதுவதற்கு நியாயமொன்றும் எனக்குப் புலப்படவில்லை.

பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிற் பல கொழும்புப் பங்குச் சந்தையிலே பதிவானவை. ஆகையால் அவற்றின் ஆண்டறிக்கைகள் எவரும் பார்க்கக்கூடிய பகிரங்க ஆவணங்கள். எத்தனை ஹெக்டேயர், எவ்வளவு மீள்நடுகை, கிலோவுக்கு என்ன செலவு, பணிப்பாளருக்கு எவ்வளவு, முகாமை செய்யும் தாய்க் கம்பனிக்கு எவ்வளவு கட்டணம், குத்தகை எந்த ஆண்டு முடியும் என்பனவெல்லாம் அவற்றிலே இருக்கின்றன. ஹட்டனிலோ பதுளையிலோ உயர்தர வகுப்பிலே கணக்கியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பாடநூலிலுள்ள கற்பனைக் கம்பனியை ஒரு தவணைக்கு ஒதுக்கிவிட்டு, தம் மாணவரின் தாய் தந்தையர் வேலை செய்யும் தோட்டத்தின் கம்பனி அறிக்கையை மேசையிலே விரிக்கலாம். ஆங்கிலத்திலே இருப்பதைத் தமிழாக்குவது அதே பாடசாலையின் ஆங்கில ஆசிரியருக்கு இரண்டு மாலைப் பொழுது வேலை. அதற்குரிய கலைச்சொற்களைத் தொகுப்பதற்குத் தமிழாசிரியரும் வேண்டியிருப்பார்.